செட்டியைக் குடிகெடுத்த வெள்ளி

காரைக்கால் கோட்டுச்சேரிமேட்டுக் கரையில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் வெள்ளிகளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் பொழுது போவதே தெரியாது. நட்சத்திரம் என்ற சொல்லுக்கு அங்கே அதிக வேலை இல்லை. வானத்தில் மின்னுவது எல்லாம் வெள்ளிதான். அதில் ஒன்றுக்குப் பெயர் 'செட்டியைக் குடிகெடுத்த வெள்ளி'. நடுச்சாமம் தாண்டிக் கிழக்கே விளக்கேற்றி வைத்தது போல ஒன்று முளைத்ததாம். விடிவெள்ளி வந்துவிட்டது, இனி விடிந்துவிடும் என்று நம்பி ஒரு செட்டியார் வண்டியில் சரக்கேற்றிச் சந்தைக்குப் புறப்பட்டாராம். போகிறார், போகிறார், விடியவே இல்லை. வழியில் திருடர்கள் காத்திருந்தார்கள். சரக்கும் போயிற்று, செட்டியாரும் போனார். இந்தக் கதை தமிழ்நாட்டில் பல ஊர்களில் பல விதமாக உலவுகிறது. விடிவெள்ளி என்று ஏமாறும் அளவுக்கு வானத்தில் பளிச்சிடுவது வியாழன் என்பதால், குற்றவாளி வியாழனாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

கடலில் இந்தத் தவறுக்கு மன்னிப்பு கிடையாது. எது விடிவெள்ளி, எது அதற்கு முன்னால் முளைத்து ஏய்க்கிறது என்று தெரியாதவனுக்கு எப்போது வலை இழுப்பது, எப்போது கரை திரும்புவது என்பதும் தெரியாது. இப்போது படகில் ஜிபிஎஸ் இருக்கிறது. பாட்டரி இறங்கினால் கழுத்து தானாக மேலே திரும்புகிறது.

அந்தச் செட்டியாரை நாம் தலைமுறை தலைமுறையாகக் கேலி செய்துகொண்டிருக்கிறோம். பாவம், அவர் ஏமாந்தது ஒரே ஒரு ராத்திரி. நம்முடைய இராணுவம் ஆறு மாதம் ஏமாந்தது.

2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை நடந்த கதை இது. லடாக்கில் பாங்காங் ஏரிக்கரையில், தாகுங் பக்கம் காவல் நின்ற வீரர்கள், சீனப் பக்கத்து அடிவானத்திலிருந்து மஞ்சளாக ஓர் ஒளி கிளம்பி, மணிக்கணக்கில் மெல்ல நகர்ந்து மறைவதைப் பார்த்தார்கள். பார்த்ததைப் பதிவேட்டில் எழுதினார்கள். மொத்தம் 329 தடவை. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை மேலே எழுதியது. பதினான்காவது கோர் அதற்கும் மேலே எழுதியது. 'அடையாளம் தெரியாத ஒளிரும் பொருள்' என்று நாமகரணமும் ஆயிற்று. ராடாரை ஏரிக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். அதில் ஒன்றும் விழவில்லை. விழவில்லை என்றால் உலோகமே இல்லாமல் செய்த ஏதோ நூதனப் பொருளாக இருக்க வேண்டும் என்று யோசனை ஓடியது. டிஆர்டிஓ பார்த்தது, தேசியத் தொழில்நுட்ப ஆராய்ச்சி அமைப்பு பார்த்தது. விடை வரவில்லை. கடைசியில் பெங்களூரில் இருக்கும் இந்திய வானியற்பியல் மையத்தின் ஆட்களைக் கேட்டார்கள். அவர்கள் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி.

ராடார் பாவம் என்ன செய்யும்? வியாழன் இருப்பது அறுபது கோடி கிலோமீட்டருக்கு அப்பால்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்த 329 தடவையில் 155 தடவை 'பொருள்' அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி இந்தியாவுக்குள் வந்ததாகக் குறித்து வைத்திருந்தார்கள். அப்படியானால் மீதி 174 தடவை வியாழன் சர்வதேச நெறிமுறைகளை மதித்துச் சீனாவோடு நின்றுகொண்டது. சூரிய மண்டலத்திலேயே பெரிய கிரகம் என்றால் சும்மாவா, அந்தக் கண்ணியம் வேண்டாமா?

பதினாலாயிரம் அடி உயரத்தில் விறைத்துப்போய் நின்று மேலே பார்த்த சிப்பாய் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதினான். அது அவன் வேலை, ஒழுங்காகச் செய்தான். ஆனால் அந்தக் காகிதம் ஹீட்டர் போட்ட அறைகளில் மேசை மேசையாக ஏறியதே, அங்கே ஒருவருக்காவது பக்கத்துப் பள்ளிக்கூட அறிவியல் வாத்தியாரை ஒரு போன் போட்டுக் கேட்கலாம் என்று தோன்றவில்லையே, அதற்குத்தான் கோபம். ஏரியிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி ஹான்லேயில் நம்முடைய தொலைநோக்கியே வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வாத்தியார் வேண்டாம், கோட்டுச்சேரிமேட்டுக்கு ஓர் அஞ்சலட்டை போட்டிருந்தால் போதும். "ஐயா, அது செட்டியைக் குடிகெடுத்த வெள்ளி, வண்டி கட்டாதீர்கள்" என்று பதில் வந்திருக்கும்.

வண்டி கட்டிய செட்டியாரைத் திருடர்கள் மடக்கியது வானத்தில் இல்லை, தரையில். இங்கும் அப்படியேதான். வானத்துக் கணக்கு எழுதிய மை காய்வதற்குள், 2013 ஏப்ரல் 15 அன்று சீனச் சிப்பாய்கள் தெப்சாங்கில் உள்ளே வந்து கூடாரம் அடித்து மூன்று வாரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒளிரவில்லை, பறக்கவில்லை. பிறகு 2020 ஜூன் 15 இரவு. கல்வானில் இருபது இந்திய வீரர்கள் இறந்தார்கள். நான்கு நாள் கழித்து அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் பிரதமர் சொன்னார்: நம் எல்லைக்குள் யாரும் நுழையவும் இல்லை, உள்ளே யாரும் இருக்கவும் இல்லை. ஆக, வியாழன் கிரகம் 155 முறை ஊடுருவியது, சீனா ஊடுருவவே இல்லை. முந்தைய கணக்கு ஓர் ஆட்சியுடையது, பிந்தையது வேறோர் ஆட்சியுடையது. மேசை மட்டும் மாறவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். 2023 ஜூலையில் ஓய்வுபெற்ற டிஜிபி பிரதீப் வி. பிலிப், முட்டுக்காடு கடற்கரையில் மாலை நேரத்தில் நான்கு பறக்கும் பொருள்களைப் பார்த்ததாகப் படத்தோடு சொன்னார். பத்திரிகைகள் மரியாதையாக வெளியிட்டன. வெளியிடட்டும், பார்த்தவர் சொல்லத்தான் வேண்டும். அதே நான்கையும் கோட்டுச்சேரிமேட்டு ஃபைபர் படகுக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, ஏதாவது ஒரு காவல் நிலையத்தின் படியேறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"என்னய்யா பாத்தே?"

"வெளிச்சம் சார். நாலு. சோடி சோடியா போச்சு."

"எந்தக் கடை?"

"கடையா?"

"எந்தக் கடையில குடிச்சேன்னு கேக்குறேன்."

காரைக்கால்காரன் தலையில் எழுதிய எழுத்து இது. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கமெல்லாம் தமிழ்நாடு, நடுவில் விலை குறைந்த சரக்கு. இங்கே ஒருவன் வானத்தில் வெளிச்சம் பார்த்தால் அதை விளக்க வானியல் தேவையில்லை, கலால் துறை போதும்.

புகாரை எழுதி வாங்கிவிட்டார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் அடுத்த கேள்வி எல்லை. பறக்கும் தட்டு கோட்டுச்சேரிமேட்டில் இறங்கினால் புதுச்சேரி அரசு. கொஞ்சம் வடக்கே நகர்ந்து தரங்கம்பாடியில் இறங்கினால் தமிழ்நாடு. இறங்காமல் தண்ணீருக்கு மேலேயே நின்றால் கடலோரக் காவல்படை. புதுச்சேரி என்று தீர்ப்பானால் கோப்பு நூற்று முப்பது கிலோமீட்டர் பயணம் செய்து தலைநகர் போக வேண்டும். போன இடத்தில் அது முதலமைச்சரின் மேசைக்கா, துணைநிலை ஆளுநரின் மேசைக்கா என்ற பழைய வழக்கு காத்திருக்கும். அதற்குள் வேற்றுக்கிரகத்துக்காரர் இங்கேயே ஆதார் எடுத்து, ரேஷன் கார்டில் பெயர் சேர்த்து, முதியோர் பென்ஷனுக்கு மனுப்போட்டிருப்பார்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1954 வரை இந்த ஊரை ஆண்ட பிரான்ஸில், வானத்தில் வெளிச்சம் பார்த்தவர்களின் வாக்குமூலங்களை விசாரிப்பதற்கென்றே துலூஸ் நகரில் அரசாங்க அலுவலகம் இருக்கிறது. பிரெஞ்சு விண்வெளி ஆய்வு மையம் 1977இல் அதைத் தொடங்கியது. ஊர்க்காவல் ஜாந்தார்ம்கள் சாட்சியை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு எழுதி அனுப்புகிறார்கள். பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் கிடைத்துவிடுகிறது. கிடைக்காததை, விளங்கவில்லை என்று ஒப்புக்கொண்டு டி என்ற பிரிவில் வைக்கிறார்கள். 2007இல் கோப்புகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். காரைக்காலில் இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்துக்கொண்டு பிரெஞ்சுத் தேர்தலில் ஓட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே தெருவில் ஒரே வெளிச்சத்தை இரண்டு பேர் பார்த்தால், பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர் துலூஸுக்கு எழுதிப் பார்க்கலாம், அவர் சாட்சி. பக்கத்து வீட்டு ரேஷன் கார்டுக்காரர் குடிகாரர்.

ஏவுகணைத் தளம் இருக்கும் இடத்தில்தான் பறக்கும் தட்டு அதிகம் சுற்றும் என்பது அமெரிக்காவில் அரை நூற்றாண்டுப் பேச்சு. 1967 மார்ச் 16 அன்று மான்டானாவின் மால்ம்ஸ்ட்ரோம் விமானப்படைத் தளத்தில் பத்து மினிட்மேன் அணு ஏவுகணைகள் வரிசையாகச் செயலற்றுப் போயின. அந்த மாதத்தில் தன் காவலாளிகள் வாசலுக்கு மேலே செந்நிற ஒளி ஒன்று நிற்பதைப் பார்த்ததாக, நிலத்தடி அறையில் பணியிலிருந்த ராபர்ட் சாலஸ் என்ற அதிகாரி பின்னாளில் சொன்னார். 2010இல் வாஷிங்டனில், முன்னாள் படையினர் சிலரோடு உட்கார்ந்து பத்திரிகையாளர்களிடமும் சொன்னார். பலர் நம்பினார்கள், பலர் சிரித்தார்கள். 2025 ஜூனில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வேறொரு கதையை வெளியிட்டது. பென்டகனின் விசாரணைப்படி அது அணுவெடிப்பின் மின்காந்த அதிர்ச்சியை ஏவுகணைகள் தாங்குமா என்று பார்க்கச் செயற்கை மின்துடிப்பைப் பாய்ச்சிய இரகசியச் சோதனையாம். உள்ளே இருந்தவர்களுக்குச் சொல்லவே இல்லை. அதே செய்தியில் இன்னொன்றும் இருந்தது. 1980களில் ஒரு விமானப்படைக் கர்னல், ஏரியா 51க்குப் பக்கத்து மதுக்கடைக்காரரிடம் போலிப் பறக்கும் தட்டுப் படங்களைக் கொடுத்துவிட்டு வந்தாராம், இரகசிய விமானங்களை மறைப்பதற்காக.

எனக்கு இதைப் படித்ததும் பொறாமையாக இருந்தது. குடிமகனை ஏமாற்றுவதற்கு அங்கே ஒரு கர்னல் மெனக்கெட்டுச் சாராயக்கடை வரை நடந்திருக்கிறார். நமக்கு அந்த மரியாதைகூட இல்லை. இங்கே பொய் சொல்ல ஆள் அனுப்புவதில்லை, பதில் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

2022 டிசம்பர் 15 மாலை, மேற்கு வங்கத்தில் பல மாவட்டங்களில் வானத்தில் டார்ச் அடித்தது போல ஓர் ஒளி விரிந்து போனது. செல்போன்களில் தட்டு இறங்கிவிட்டது. உண்மையில் அது ஒடிசாவின் அப்துல் கலாம் தீவிலிருந்து ஏவிய அக்னி-5 ஏவுகணை. விமான ஓட்டிகளுக்கு முன்னறிவிப்பு இருந்தது, கப்பல்களுக்கு இருந்தது. மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு இல்லை. அந்த ஆண்டின் தொடக்கத்தில், ஜனவரியில், நமக்கு நேர் கிழக்கே அந்தமானில் போர்ட் பிளேருக்கு மேலே வெள்ளையாக ஓர் உருண்டை பட்டப்பகலில் நின்றது. முப்படைகளின் கூட்டுத் தலைமையகம் இருக்கும் ஊர் அது, பிரம்மோஸ் சோதனைகள் நடக்கும் தீவுகள். ஊரே அண்ணாந்து பார்த்துப் படமெடுத்தது. 'அந்தமான் ஷீகா' என்ற உள்ளூர்ப் பத்திரிகை, இது யாருடையது, யார் பறக்கவிட்டது என்று கேட்டது. விளக்கம் வரவில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கா ஒரு சீன பலூனைச் சுட்டு வீழ்த்திய பிறகுதான், ஓகோ, அதுவும் இதுதானோ என்று தில்லியில் முணுமுணுப்பு எழுந்தது. ஊடுருவாத வியாழனுக்கு ராடார் போயிற்று. தலைக்கு மேலே நின்ற பலூனுக்கு ஒரு வரிக் கடிதம்கூட இல்லை.

(அடையாளக் குழப்பம் உள்ள பறக்கும் பொருளை அரசியல்வாதிகளே விளம்பரமாக அச்சடித்து வெளியிட்ட பெருமை நம்முடையது. 2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினம் ஏவுதள அடிக்கல் நாட்டு விழாவுக்குத் தமிழ்நாட்டு மீன்வளத் துறை அமைச்சர் கொடுத்த நாளிதழ் விளம்பரத்தில், ராக்கெட்டின் நெற்றியில் சீனக் கொடி ஜொலித்தது. வடிவமைத்தவரின் தவறு என்றார்கள். லடாக்கில் ஆறு மாதம் தேடியது தூத்துக்குடியில் நாலு வண்ணத்தில் கிடைத்தது.)

தன் சொந்தப் பொருள் என்றால் அரசுக்குக் கண் நன்றாகத் தெரியும். 2019 டிசம்பரில் புதுச்சேரி வம்பாக்கீரப்பாளையம் மீனவர்களின் வலையில் பெரிய உருளை ஒன்று சிக்கியது. வலை நாசம். கரைக்கு இழுத்து வந்து பார்த்தால் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் பக்கவாட்டு மோட்டார், மேலே எண்ணும் தேதியும் எழுதியிருந்தது. ஆட்கள் உடனே வந்தார்கள். மீனவர்கள் வலைக்கு இழப்பீடு கேட்டார்கள். ராக்கெட்டில் எண் இருந்தது, வலையில் எண் இல்லையே!

2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கரையோரக் கிராமங்களில் கூட்டம் போடும் சீருடைக்காரர்கள் தவறாமல் ஒரு வாக்கியம் சொல்வார்கள்: மீனவர்கள்தான் கடலோரப் பாதுகாப்பின் கண்களும் காதுகளும். சாகர் கவச் என்ற பாதுகாப்பு ஒத்திகை வரும்போதெல்லாம் இந்த வாக்கியமும் வந்துவிடும். சந்தேகப்படும்படி எதைப் பார்த்தாலும் சொல்லுங்கள், படகு, ஆள், வெளிச்சம், எதுவானாலும். கண்ணும் காதும் கேட்டவர்கள் வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே நாம் உஷாராகியிருக்க வேண்டும்.

2022 அக்டோபர் 21. காரைக்காலிலிருந்து போன விசைப்படகு பாக் விரிகுடாவில் நிற்கிறது. பத்துப் பேர். இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் பங்காரம் சுட்டது. மயிலாடுதுறை மாவட்டம் வானகிரியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் உடலில் குண்டு பாய்ந்தது. படகு சந்தேகத்துக்கிடமாக இருந்தது, நிற்கச் சொல்லியும் நிற்கவில்லை, நடைமுறைப்படி எச்சரிக்கைக்காகச் சுட்டோம் என்றது கடற்படை. நம் படகைப் பார்த்துச் சந்தேகப்பட்டது நம் கப்பல். கண்ணையும் காதையும் சுட்டது உடம்பு. தமிழ்நாட்டுக் காவல்துறை கொலை முயற்சி வழக்கு பதிந்தது, முதலமைச்சர் 2 லட்சம் கொடுத்தார், பிரதமருக்குக் கடிதம் போயிற்று. படகில் இருந்த மற்றவர்கள் கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள். அவர்கள் டிஜிபி இல்லை.

2025 ஜனவரி 28 அதிகாலை, நெடுந்தீவுப் பக்கம் காரைக்கால் படகு ஒன்றில் இருந்த பதின்மூன்று பேர் மீது இலங்கைக் கடற்படை துப்பாக்கிச் சூடு. இருவருக்குப் பலத்த காயம் என்றது இந்திய வெளியுறவுத் துறை. தவறுதலாக வெடித்தது, இலேசான காயம் என்றது இலங்கைக் கடற்படை. காயம் ஒன்று, அதைப் பார்த்த அரசாங்கம் இரண்டு. இலங்கையின் பொறுப்புத் தூதரை அழைத்துக் கண்டித்தார்கள். அந்தப் பதின்மூன்று பேரும் பார்த்தது என்ன என்று எந்த ஏரிக்கரையிலும் பதிவேடு போடவில்லை. வரிசை எண் கொடுத்து, தேதி போட்டு, 329 வரை எழுத இங்கேயும் விஷயம் இருக்கிறது. இருந்தும் ராடாரை ஓட்டிக்கொண்டு வருவார் யாருமில்லை. காரைக்காலில் ஏற்கெனவே ஒரு ராடார் உண்டு, அது மழை பார்க்கிறது.

இப்போது இம்பாலுக்குப் போக வேண்டும். 2023 நவம்பர் 19, பிற்பகல் இரண்டரை மணி வாக்கில் இம்பால் விமான நிலையத்துக்கு மேலே ஏதோ ஒன்று தெரிந்தது. வான்வெளியை மூடினார்கள், விமானங்களைத் திருப்பினார்கள், ரஃபேல் போர் விமானங்கள் கிளம்பித் தேடின. ஒன்றும் கிடைக்கவில்லை. அதே மணிப்பூரில் மே 3 முதல் ஊர்கள் எரிந்துகொண்டிருந்தன. மே 4 அன்று பெண்களுக்கு நடந்த கொடுமையைப் பார்த்தவர்கள் இருந்தார்கள், புகார் கொடுத்தவர்களும் இருந்தார்கள். ஜூலை 19இல் காணொலி வெளியான பிறகுதான் தில்லிக்குக் கண் திறந்தது. தரையில் பார்த்ததைச் சொன்னவர்கள் இரண்டரை மாதம் காத்திருந்தார்கள். வானத்தில் பார்த்ததைச் சொன்னவர்களுக்கு அன்று பிற்பகலே ரஃபேல்.

இதிலிருந்து கோட்டுச்சேரிமேட்டுக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. இனிமேல் துப்பாக்கிச் சூடு, கைது, படகு பறிமுதல் என்று மனு எழுதக் கூடாது. அந்த மொழியில் எழுதி எழுதி ஆட்சியர் அலுவலகத்தில் அலமாரி நிறைந்துவிட்டது. மாதிரி மனு ஒன்று தயார் செய்திருக்கிறேன், ஊர்ப் பஞ்சாயத்தார் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்:

"பாதுகாப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு, கோட்டுச்சேரிமேட்டு மீனவர்கள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நள்ளிரவு தாண்டித் தென்கிழக்கே, கடல் மட்டத்திலிருந்து சற்று உயரத்தில், மிகப் பிரகாசமான ஒளிரும் பொருள் ஒன்று தோன்றியது. அது எங்களை நோக்கி அதிவேகத்தில் நெருங்கியது. நெருங்கியதும் அதிலிருந்து சிறுசிறு ஒளிப்பொறிகள் வரிசையாகக் கிளம்பி எங்கள் படகிலும் எங்களில் ஒருவர் உடம்பிலும் தைத்தன. பிறகு உள்ளிருந்து மனித உருவம் கொண்ட சிலர் இறங்கி, எங்களுக்குப் புரியாத மொழியில் பேசி, வலையையும் ஜிபிஎஸ் கருவியையும் எடுத்துக்கொண்டு எங்களையும் தங்கள் கலத்தில் ஏற்றிக்கொண்டு மறைந்தனர். இந்தப் பொருள் வியாழனும் இல்லை, விடிவெள்ளியும் இல்லை என்பதை நாங்கள் உறுதியாகச் சொல்ல முடியும்; இரண்டையும் எங்களுக்குத் தெரியும். எல்லைக் கோட்டை யார் தாண்டியது என்று கேட்டால், இருட்டில் கோடு தெரியவில்லை. தயவுசெய்து ரஃபேல் அனுப்பவும். ரஃபேல் பிரான்ஸில் செய்தது என்று கேள்விப்படுகிறோம், நாங்களும் ஒரு காலத்தில் பிரான்ஸைச் சேர்ந்தவர்கள்தான்."

மனுவில் எல்லாம் எழுதியாகிவிட்டது. 'பார்த்தவர் பெயர், பதவி' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறோம். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி யாராவது இந்தப் பக்கம் கடல்காற்று வாங்க வந்தால், அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.